தேசியக் கல்லீரல் சங்கங்கள் எதற்காகத் தோன்றின? சிங்கப்பூரில் நமக்கு அவற்றால் என்ன பயன்?

கல்லீரல் நலனுக்கென்றே சில நாடுகளில் தேசிய அளவில் சங்கங்கள் இயங்குகின்றனவே, அவை எப்படித் தோன்றின, சிங்கப்பூரில் வாழும் நமக்கு அவற்றால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தாய்மாமா, கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியோடு வாழ்பவர். அவருக்குத் துணையாக மருத்துவமனைக்குச் சென்று வருவதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

இத்தகைய அமைப்புகளில் மூத்தது, கனடாவில் 1969-இல் தொடங்கப்பட்ட கல்லீரல் அறநிறுவனம். அமெரிக்காவில் 1950 முதலே கல்லீரல் மருத்துவர்களுக்கென ஓர் ஆய்வுச் சங்கம் இருந்தது. ஆனால் அது மருத்துவர்களும் ஆய்வாளர்களும் கூடும் அவை. வீட்டில் ஒருவருக்குக் கல்லீரல் நோய் என்றதும் திகைத்து நிற்கும் குடும்பத்தார் எங்கே போய்க் கேட்பது? அந்த இடைவெளியை நிரப்ப, அச்சங்கத்தாரே 1976-இல் அமெரிக்கக் கல்லீரல் அறநிறுவனத்தை உருவாக்கினார்கள். ஹெப்படைட்டிஸ் பி கிருமியை அடையாளம் காண வழிவகுத்த பரூக் பிளம்பர்க் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். பிரிட்டனின் அறநிறுவனம் 1988-இல் வந்தது. ஆய்வுக்கு நிதி திரட்டுவது, பொதுமக்களுக்கு விளக்கம் தருவது, நோயாளிகளுக்குத் துணை நிற்பது, அவர்களுக்காக அரசாங்கத்திடம் எடுத்துரைப்பது என்பவையே பொதுவாக இவற்றின் பணிகள்.

இவற்றுள் முதன்மையானது விளக்கம் தருவதுதான் என்பது என் உறுதியான கருத்து. கல்லீரல் பெரும்பாலும் வலியைக் காட்டாத உறுப்பு; முக்கால் பங்கு கெட்ட பிறகும் மனிதர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகும்போது நோய் முற்றியிருக்கும். இதற்கு மேல், கல்லீரல் நோய் என்றாலே குடிப்பழக்கம்தான் காரணம் என்று ஊர் முடிவுகட்டிவிடுவதால், ஒரு சொட்டு மது அருந்தாதவர்கள்கூட நோயை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

மாமாவுக்குக் கிருமி இருப்பது, நிறுவனத்தில் நடந்த இரத்த தான முகாமுக்கு அவர் போன பிறகுதான் தெரியவந்தது. கடிதம் வந்த அன்றே அவர் தமக்கென ஒரு தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி, அடியில் அத்தையின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டார். பேரப்பிள்ளைகளைத் தூக்குவதையும் நிறுத்திக்கொண்டார். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டி அணைப்பதாலோ இக்கிருமி தொற்றாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், இரத்தத்தின் வழியும், உடலுறவின் வழியும்தான் பரவுகிறது என்பதை மருத்துவமனைத் தாதி ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகே அந்தப் பொட்டு அழிந்தது. ஒரு சங்கத்தின் கையேடு தமிழில் அவர் கைக்கு முன்பே கிடைத்திருந்தால், மனிதர் அத்தனை மாதம் தனியே உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டாம்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை, தடுப்பூசியில் அரசாங்கம் முந்திக்கொண்டது. கிருமி உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு 1985-இலும், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987-இலும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி தொடங்கப்பட்டது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். பெரியவர்களானபின் தொற்றுவோரில் பெரும்பாலோருக்குத் தானாகவே நீங்கிவிடும். எனவே பிறந்தவுடன் போடும் அந்த முதல் ஊசியின் மதிப்பு மிகப் பெரியது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1990-இல் முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மறுப்புத் தெரிவிக்காதவர் இறந்தபின் அவரது உறுப்புகளை மாற்று சிகிச்சைக்கு எடுக்க அனுமதிக்கும் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 2004-இல் கல்லீரலுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் 1987-க்கு முன் பிறந்தவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் தாமாகக் கேட்டுப் பரிசோதித்துக்கொண்டால்தான் உண்டு. சங்கங்களின் குரல் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

நம்மவர்களிடம் கட்டாயம் பேச வேண்டிய இன்னொன்று, கல்லீரல் நோய்க்கு நாட்டு மருந்தாகத் தரப்படும் கீழாநெல்லி. மாமாவுக்கும் ஊரிலிருந்து பொடி வந்தது. இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பர்க்கோடு சேர்ந்து இதை நோயாளிகளிடம் சோதித்து, 1988-இல் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆனால் பிற நாடுகளில் நடந்த அடுத்தடுத்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துச் சொன்னபோதுதான் மாமா கேட்டுக்கொண்டார். பொடிக்காக மாத்திரையை நிறுத்தும் எண்ணத்தையும் கைவிட்டார். தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் என்று இப்போது தவறாமல் போய்வருகிறார். மாத்திரை கிருமியை அடக்கி வைக்கும், அடியோடு அகற்றாது. புற்றுநோய் தோன்றினால் சிறிதாக இருக்கும்போதே பிடிப்பதற்கே அந்த ஸ்கேன்.

கல்லீரலில் கொழுப்பு படிவதும் இன்று இச்சங்கங்களின் பெருங்கவலை. சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ள நம் குடும்பங்களில் மது அருந்தாதவர்களுக்கும் இது வருகிறது; அதைத் தனியே எழுத வேண்டும்.

உங்கள் வயது நாற்பதைத் தாண்டியிருந்தால், அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லும்போது ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனையை நீங்களே கேளுங்கள். கிருமியும் இல்லை, தடுப்பாற்றலும் இல்லை என்று முடிவு வந்தால், வழக்கமாக ஆறு மாதங்களுக்குள் மூன்று ஊசி போடுவார்கள். கிருமி இருப்பதாக வந்தால், கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் வாழ்க்கைத் துணையையும் அழைத்துச் சென்று அவர்களுக்கும் பார்த்துவிடுங்கள். மாமாவுக்குத் தெரிந்த பிறகு சோதித்ததில் என் சித்திக்கும் இருப்பது தெரியவந்தது. அவர் இப்போது அதே மருத்துவரிடம் காட்டி வருகிறார்.