பஹல்காமிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

கேள்வி: டொரண்டோவில் வேலை பார்க்கும் என் மகனிடம், உடன் பணிபுரியும் கனடா நாட்டு நண்பர் ஒருவர், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, "டிசம்பரில் சென்னைக்கு வருவதாக இருந்தோம், இப்போது வரலாமா?" என்று கேட்டாராம். இந்தியா என்றாலே குண்டுவெடிப்பு, துப்பாக்கிச்சூடு என்று வெளிநாட்டு ஊடகங்கள் திட்டமிட்டுக் காட்டுவதால் வந்த வினை அல்லவா இது? நம் பத்திரிகைகளாவது நாட்டின் நற்பெயர் கருதி இத்தகைய செய்திகளை அடக்கி வாசித்தால் என்ன?
- அண்ணா நகர் வாசகர் ஒருவர்

பதில்: 'திட்டமிட்டு' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரில் பஹல்காமை ஒட்டிய பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை எந்த நாட்டுப் பத்திரிகையாக இருந்தாலும் வெளியிடத்தான் செய்யும். உங்கள் மகனின் நண்பர் அந்தச் செய்தியைப் படித்ததில் தவறில்லை. அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் இந்தியாவைப் பற்றி அவர் கண்ணில் வேறு எதுவும் பட்டிருக்காது என்பதுதான் சங்கடம். பஹல்காமுக்கும் சென்னைக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைக் கேட்கும் தகுதி எனக்கே குறைவு. 2022இல் பாகிஸ்தானில் பெருவெள்ளம் வந்து 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது குறித்த கட்டுரைக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த எங்கள் வடிவமைப்பாளர், எங்கள் கணினியில் 'பாகிஸ்தான்' என்று பெயரிட்டு வைத்திருந்த படத்தொகுப்பைத் திறந்து காட்டினார். எரிந்த கார், சிதறிய செருப்புகள், முகத்தை மூடிக்கொண்டு அழும் பெண், துப்பாக்கியோடு தாடிக்காரர், மறுபடியும் எரிந்த கார். "சார், தண்ணீர் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை" என்றார். ஒரு ஆறு, ஒரு வயல், ஒரு மாம்பழக் கடை, பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை, எதுவும் இல்லை. அந்தத் தொகுப்பைச் சேர்த்தவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. குண்டு வெடித்த நாட்களில் மட்டும் அந்த நாட்டின் படம் எங்களுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். டொரண்டோவில் ஏதோ ஒரு நாளிதழின் கணினியில் 'இந்தியா' என்ற தொகுப்பும் இப்படித்தான் நிறைந்திருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது.

மாறாக, 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் தொழுதுகொண்டிருந்த 51 பேர் கொல்லப்பட்டதை எண்ணிப் பாருங்கள். அதையும் உலகம் முழுவதும் நாள் கணக்கில் பேசியது. ஆயினும், நியூசிலாந்து ஆபத்தான நாடு என்று நம் தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. சென்னைக்காரர்களுக்குக் கிறைஸ்ட்சர்ச் என்றால் அது சூப்பர் கிங்ஸ் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் பிறந்த ஊர். ஒரு நாட்டைப் பற்றி முன்பே நாலு விஷயம் தெரிந்திருந்தால், ஐந்தாவதாக வரும் கொடூரச் செய்தி அந்த நாலோடு சேர்ந்து நிற்கும். எதுவும் தெரியாத நாடென்றால், அந்த ஒரு செய்தியே நாடாகிவிடும்.

நம் சேப்பாக்கமே இதற்குச் சாட்சி. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது இங்கிலாந்து கிரிக்கெட் அணி இந்தியாவில்தான் இருந்தது. மீதமிருந்த இரண்டு ஒருநாள் போட்டிகள் கைவிடப்பட்டன. வீரர்கள் ஊர் திரும்பினார்கள். தாஜ் ஹோட்டலின் குவிமாடத்திலிருந்து எழுந்த புகைதான் அப்போது உலகத்துக்கு இந்தியா. ஆனால் அதே அணி மறுபடி வந்தது. அகமதாபாத்தில் நடக்கவிருந்த முதல் டெஸ்ட் சென்னைக்கு மாற்றப்பட்டு டிசம்பர் 11 அன்று தொடங்கியது. ஐந்தாம் நாள் 387 ரன்களைத் துரத்தி இந்தியா வென்றபோது, 103 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்ற மும்பைக்காரர் சச்சினின் படம் அந்தப் புகைப் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியின் பேருந்து தாக்கப்பட்ட பிறகு, பாகிஸ்தான் மண்ணில் ஒரு டெஸ்ட் போட்டி நடக்க 2019 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கு பாதுகாப்பு உண்மையிலேயே மோசமாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. அது ஊடகம் கட்டிய கதையன்று. என்றாலும், அந்தப் பத்தாண்டுகளில் எங்கள் படத்தொகுப்பு ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, அடக்கி வாசிப்பது பற்றி. நேரலை விஷயத்தில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். மும்பையில் கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதை நம் தொலைக்காட்சிகள் காட்ட, கராச்சியில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே கொலையாளிகளுக்குத் தொலைபேசியில் கட்டளை இட்டார்கள். அந்தத் தாக்குதலில் உயிருடன் பிடிபட்ட கசாப் மீதான வழக்கின் தீர்ப்பில், 2012 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, கருத்துரிமையைச் சொல்லி இதை நியாயப்படுத்த முடியாது என்றது. நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, அதிகாரி சொல்வதை மட்டும் ஒளிபரப்ப வேண்டும் என்று 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகளே திருத்தப்பட்டன. போகிற போக்கில் இன்னொன்று: அந்த மூன்று நாட்களும் நம் கேமராக்கள் ஹோட்டல் வாசல்களிலேயே நின்றன, சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சாதாரணப் பயணிகள் இறந்ததற்குக் கிடைத்த நேரம் அதற்கு ஈடாக இல்லை. வெளிநாட்டார் நம்மைப் பார்க்கும் விதத்தைக் குறை சொல்கிறோம். நம்மை நாமே பார்த்த விதம் அப்படி இருந்தது.

ஆனால், நற்பெயருக்காகச் செய்தியையே அமுக்குவது வேறு காரியம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அத்தியாவசியம் இன்றி இலங்கைக்குப் போக வேண்டாம் என்று பிரிட்டன் தன் மக்களை எச்சரித்தது. முந்தைய ஆண்டு 23 லட்சமாக இருந்த சுற்றுலாப் பயணிகளின் வருகை அந்த ஆண்டு 19 லட்சமாகக் குறைந்தது. சுற்றுலாவை நம்பிப் பிழைத்தவர்கள் பட்ட பாடு சிறிதன்று. அதற்காக, இந்தியாவிலிருந்து முன்கூட்டியே வந்த எச்சரிக்கை என்ன ஆயிற்று என்று அங்குள்ள பத்திரிகைகள் கேட்காமல் இருந்திருக்க வேண்டுமா? அந்த எச்சரிக்கை இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் அதிபர் சிறிசேன பத்துக் கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நற்பெயர் கருதி எல்லோரும் வாய் மூடி இருந்திருந்தால், வழக்குத் தொடுத்த குடும்பங்கள் தனித்து நின்றிருக்கும்.

ஒரு செய்தியை வைத்து எல்லோரையும் எடைபோடும் இந்த அனுபவம் நமக்குப் புதிதும் அன்று. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, வளசரவாக்கத்திலும் விருகம்பாக்கத்திலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போன ஈழத் தமிழர்களின் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் "வீடு முடிஞ்சு போச்சு" என்று சொன்ன வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். 'டு லெட்' பலகை பின்னாலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அவர்களும் காலையில் செய்தித்தாள் படித்தவர்கள்தாம்.

உங்கள் மகனின் நண்பருக்கு, பஹல்காமிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லி, தயங்காமல் வரச் சொல்லுங்கள். மார்கழிக் கச்சேரியும் சபா கேண்டீனும் அவருக்குப் பிடிக்கும். திரும்பிப் போகும்போது எடுத்துச் செல்லும் படங்களில் சிலவற்றை அவர் அலுவலகத்தில் காட்டட்டும். எங்கள் வடிவமைப்பாளரும் அந்த வெள்ளத்துக்குப் பிறகு சிந்து நதியின் படங்கள் சிலவற்றைத் தேடிச் சேர்த்திருக்கிறார். போன வாரம் பார்த்தபோதும் எரிந்த கார்களே அதிகம் இருந்தன.