தடி வடிவத் துகள், மின்புலம், ஒளி: கேள்வி பதில்

நீரில் மிதக்கும் தடி, தட்டு வடிவக் கூழ்மத் துகள்கள் (கரையாமல் நீரில் பரவி நிற்கும் மிக நுண்ணிய துகள்கள்) மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் எப்படித் திரும்புகின்றன, அதை ஒளியால் எப்படி அளப்பது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், உருண்டைத் துகளை வைத்து ஏன் இதைச் செய்வதில்லை?

உருண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒளிக்கு ஒன்றுதான். தடி அப்படியல்ல. புலம் இல்லாதபோது வெப்ப அசைவில் எல்லாத் திசையிலும் கிடக்கும். புலம் வந்ததும் ஒரு திசைக்குச் சாயும். உடனே திரவம் முழுக்கப் படிகம் போல இரட்டை ஒளிவிலகல் காட்டும், அதாவது ஒளியின் அதிர்வுத் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் மாறும். இயற்பியலாளர் ஜான் கெர் 1875இல் கண்ணாடியில் கண்டதும் இந்த வகை விளைவுதான். கூழ்மத்தில் துகள் மூலக்கூறைவிட மிகப் பெரியது என்பதால் சிறிய புலமே போதும்.

கருவி அமைப்பு எப்படி இருக்கும்?

ஹீலியம்-நியான் லேசர், மின்புலத்துக்கு 45 டிகிரியில் ஒரு போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பிளாட்டினத் தகடுகள் வைத்த செல், போலரைசருக்குச் செங்குத்தாக அனலைசர் (இரண்டாவது போலரைசர்), கடைசியில் ஒளி உணர்கருவி. அவ்வளவுதான். செல்லின் ஜன்னல் கண்ணாடியை இறுக்கித் திருகினால் அந்த அழுத்தமே இரட்டை ஒளிவிலகலைக் காட்டும். அதனால் வெறும் தண்ணீரை வைத்து, முழு இருட்டு வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

தடி வடிவப் புகையிலை மொசைக் வைரஸை அளந்தேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நீளம் 300 நானோமீட்டர், எனக்கு அதைவிட நன்றாகக் குறைகிறது. மாதிரி உடைந்துவிட்டதா?

உடைந்திருக்கலாம். ஆனால் மாதிரியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கணக்கைச் சந்தேகியுங்கள். பல்ஸை (தகடுகளுக்குச் சிறிது நேரம் மட்டும் கொடுக்கும் மின்னழுத்தத்தை) நிறுத்தியதும் துகள்கள் மறுபடி கலைகின்றன, சிக்னல் தேய்கிறது. அந்தத் தேய்வின் வேகம் சுழற்சி விரவல் குணகத்தைப் (வெப்ப அசைவில் துகள் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதன் அளவு) போல 6 மடங்கு. இந்த வைரஸுக்குத் தேய்வு நேரம் சுமார் அரை மில்லிசெகண்ட். ஆனால் கால் அலைத் தகடு (ஒளியின் இரு அதிர்வுத் திசைகளுக்கு இடையே கால் அலைநீள வித்தியாசம் தரும் தகடு) இல்லாமல் செங்குத்து அனலைசர் மட்டும் வைத்தால், உங்களுக்குக் கிடைப்பது இரட்டை ஒளிவிலகலின் வர்க்கம். வர்க்கம் இரண்டு மடங்கு வேகமாகத் தேயும், அதாவது 6க்குப் பதில் 12. அதைக் கவனிக்காமல் 6 போட்டால் சுழற்சி இரட்டிப்பு வேகம் என்று வரும். விரவல் குணகம் நீளத்தின் கனத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதம் என்பதால் நீளம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து தெரியும். கால் அலைத் தகடு வைத்து அனலைசரைக் கொஞ்சம் திருப்பினால் சிக்னல் நேர்விகிதமாகிவிடும், ஒளிவிலகலின் குறியும் தெரியும்.

இந்த வைரஸை வைத்து 1950இலேயே ஓ'கான்ஸ்கியும் சிம்மும் இம்முறையைச் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் நீளம் கண்டுபிடிக்கத் தேய்வை மட்டும் நம்புங்கள். பல்ஸ் தொடங்கியதும் வரும் எழுச்சியில் புலத்தின் வலிமை, இருமுனையின் (துகளின் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம்) வகை எல்லாம் கலந்திருக்கும். ஆனால் நிலையான இருமுனையா, தூண்டப்பட்டதா என்று அறிய வேண்டுமென்றால், பல்ஸின் திசையைச் சட்டென்று புரட்டிப் பாருங்கள். நிலையான இருமுனை என்றால் துகள் திரும்பிப் படுக்க வேண்டும், சிக்னலில் ஒரு பள்ளம் விழும். வெறும் தூண்டப்பட்டது என்றால் சிக்னல் அசையாது.

உயிரியல் மாதிரிக்கு 100 மில்லிமோலார் உப்பு தேவைப்படுகிறதே?

கஷ்டம். சென்டிமீட்டருக்கு 1 கிலோவோல்ட் புலத்தில் அந்த அளவு பொட்டாசியம் குளோரைடு, 1 மில்லிசெகண்ட் பல்ஸுக்கே சுமார் 3 டிகிரி சூடாகும். 1 மில்லிமோலாரில் அது டிகிரியில் நூறில் சில பங்குதான். உப்பு கூடினால் துகளைச் சுற்றிய மின் இரட்டை அடுக்கும் (துகளின் மின்னூட்டமும் அதைச் சூழ்ந்த எதிர் அயனிகளும்) மெலிந்து, திருப்பும் விசையே குறைந்துவிடும்.

தடி எப்போதும் புலத்தின் திசையிலேயே படுக்குமா?

இல்லை, எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். மின்புலத்தில் தடிகள் குறுக்காகத் திரும்புவதும் உண்டு. தடிகளோடு சிறிய மின்னூட்ட உருண்டைகளைக் கலந்தால் இப்படி ஆவதை 2005இல் நேச்சர் ஃபிசிக்ஸ் இதழில் ஒரு குழு காட்டியது. தனித் தடியின் இருமுனையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. காந்தப்புலத்தில் கோதைட் என்ற இரும்புத் தாது நானோதடிகளைப் பாருங்கள்: குறைந்த புலத்தில் அதன் திசையில் படுக்கும், ஏறத்தாழ 0.35 டெஸ்லாவைத் தாண்டினால் குறுக்கே திரும்பிவிடும். நீளவாக்கில் ஒரு சிறிய நிலையான காந்தத் திருப்புத்திறன் இருக்கிறது. குறுக்கே எளிதாகத் தூண்டப்படுவது இன்னொன்று. முதலாவது புலத்தோடு நேர்விகிதத்தில் போட்டியிடுகிறது, இரண்டாவது வர்க்கத்தில். புலம் ஏற ஏற இரண்டாவதுதான் ஜெயிக்கும்.

புலமே இல்லாமல் முடியாதா அண்ணா?

முடியும். துகள் சிதறும் ஒளியில் முனைவு (அதிர்வுத் திசை) மாறிய பகுதியை மட்டும் பிடித்து, அது எவ்வளவு வேகத்தில் ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் சுழற்சி கிடைக்கும். சிக்னல் மங்கலாக இருக்கும், பொறுமை வேண்டும். கூழ்மங்கள் சிதறும் ஒளியின் முனைவை 1930களிலேயே பெங்களூரில் ராமனின் மாணவர் ஆர்.எஸ். கிருஷ்ணன் ஆராய்ந்திருக்கிறார்.

பள்ளியில் காட்ட எளிய வழி?

உயர் மின்னழுத்தம் வேண்டாம். சோடியம் பென்டோனைட் களிமண்ணை 1 சதவீதத்துக்கும் குறைவாகத் தண்ணீரில் கலக்கி, ஒரு இரவு வைத்து, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுங்கள். செங்குத்தாக வைத்த இரண்டு போலரைசர் தாள்களுக்கு நடுவே வைத்துக் குச்சியால் கலக்கினால், ஓட்டத்தில் தட்டுகள் வரிசைப்பட்டு இருட்டில் வெளிச்சப் பட்டைகள் ஓடும். குச்சியை எடுத்ததும் அணைந்துவிடும். குடுவையின் பக்கங்கள் தட்டையாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.