பிள்ளைகளின் கண் அழுத்தமும் ஸ்டெரொயிட் மருந்தும்: கேட்டவர்களுக்குப் பதில்

கொழும்பில் பிள்ளைகளுக்குக் கண் வைத்தியம் பார்க்கிறவன் நான். ஸ்டெரொயிட் பற்றிப் பெற்றோர் கேட்டவற்றில் சிலதுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தை, ஒரு தாய்: மகனுக்கு 8 வயது. வெயில் கூடினால் கண் கடிக்கும், தேய்த்துத் தேய்த்தே சிவந்துவிடும். 2 வருஷத்துக்கு முதல் எழுதித் தந்த டெக்ஸாமெதசோன் துளியை அதே துண்டைக் காட்டி பாமசியில் வாங்கி விடுகிறோம். விட்ட அன்றே சுகம். பிழையா டொக்டர்?

மருந்தில் பிழையில்லை தங்கச்சி, பழைய துண்டில்தான் பிழை. அது ஸ்டெரொயிட் துளி, பார்க்காமல் நீண்ட நாள் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். இதே மாதிரி ஒரு தாய் 9 வயதுப் பையனோடு வந்தார். என்ன மருந்து என்று கேட்டதும் பையிலிருந்து அந்தத் துளியின் குட்டிப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். மொத்தம் 11. பையனுக்கு நோவில்லை, அன்றைக்குச் சிவப்பும் இல்லை, பலகையில் எழுதுவது தெரிகிறது. கண் அழுத்தம் மட்டும் 38. வழக்கமாக 10 முதல் 21 இரச மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டியது. பார்வை நரம்பின் நடுக்குழி அகன்று, பக்கப் பார்வையில் ஒரு துண்டு போயிருந்தது. அப்படிப் போனது திரும்பி வராது. கிளோக்கோமா என்பது இதைத்தான்.

மகனுக்கு இந்தக் கிழமையே அழுத்தம் அளந்து பாருங்கள். கடிக்கு ஸ்டெரொயிட் இல்லாத அலர்ஜித் துளிகள் இருக்கின்றன. ஸ்டெரொயிட்தான் வேண்டுமென்றாலும் ஃப்ளூரோமெத்தோலோன் போல அழுத்தத்தைக் குறைவாக ஏற்றுகிற வகை உண்டு, அதையும் நாள் எண்ணித்தான் விட வேண்டும். ஏறிய அழுத்தம் அநேகமாக மருந்தை நிறுத்திச் சில கிழமைகளில் இறங்கிவிடும். வருஷக்கணக்கில் விட்டிருந்தால் இறங்காமலும் போகலாம், அப்போது சத்திரசிகிச்சை வரை போகும்.

தெகிவளை, ஒரு தகப்பன்: கண்ணுக்கும் பிரஷரா? இரத்த அழுத்தத்தையா சொல்கிறீர்கள்?

இல்லை, இது வேறு. கண்ணின் உள்ளே முன்பக்கத்தில் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஓரத்தில் உள்ள நுண்ணிய வலையொன்றின் வழியாக வடிந்துகொண்டும் இருக்கும். ஸ்டெரொயிட் அந்த வலையில் தேவையில்லாத பொருள்களைச் சேர வைக்கிறது. ஊறுவது அதே அளவு, வடிவது குறைவு. ஒக்டோபர் மழைக்கு நம்முடைய வடிகான்களைப் பார்த்திருப்பீர்களே.

எல்லோருக்கும் ஏறாது. 1960களில் ஆர்மலி, பெக்கர் என்ற வைத்தியர்கள் பெரியவர்களுக்குத் துளி விட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓரளவும், நூற்றுக்கு 5 பேரளவில் மிக அதிகமாகவும் ஏறியது. பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். ஹொங்கொங்கில் பார்த்தபோது பெரியவர்களை விடக் கூடுதலான பிள்ளைகளுக்கு, கூடுதலாக, விரைவாக ஏறியது. சிலருக்கு ஒரு கிழமைக்குள்ளேயே ஏறிவிடும். தாய் தகப்பனுக்குக் கிளோக்கோமா இருந்தால் டொக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மட்டக்குளி, ஒரு தாய்: மகளுக்கு நெஃப்ரோட்டிக் என்ற சிறுநீரக நோய். பிரட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை போகிறது. கண்ணுக்குப் பயந்து நிறுத்தட்டுமா?

நிறுத்தவே வேண்டாம். கிழமைக்கணக்கில் குளிசை போனபின் உடம்பு தன் சொந்த ஸ்டெரொயிட்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, வீக்கமும் திரும்பி வரும். கண் துளி ஏற்றுகிற அளவுக்குக் குளிசை அழுத்தத்தை ஏற்றுவதில்லை, ஆனால் சில பிள்ளைகளுக்கு ஏற்றும், கண்ணில் புரையும் வரலாம். சிறுநீரக கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கி, கிளினிக் கொப்பியோடு கண்ணைக் காட்டுங்கள். குளிசையைக் குறைப்பதா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) ஸ்டெரொயிட் பம்ப் அடிக்கும் பிள்ளைகளுக்கு?

வழக்கமான அளவில் பயமில்லை, பம்பை விட்டுவிடாதீர்கள். மாஸ்க் போட்டு ஸ்டெரொயிட் பிடித்தால் முடிந்ததும் முகத்தைக் கழுவிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை, ஒரு அம்மம்மா: பேத்திக்கு 7 மாதம். இமையில் சொறி என்று வீட்டில் கிடந்த பெட்டமெதசோன் கிறீமைப் பூசினோம். இப்ப கண் பெரிசாய் வடிவாய் இருக்கு, எல்லாரும் சொல்லுகினம். வெளிச்சத்துக்குக் கூசுது, தண்ணியும் வடியுது.

அம்மா, அந்த வடிவுதான் என்னைப் பயப்படுத்துகிறது. 3 வயதுக்குள் கண்ணின் சுவர் இளசு, அழுத்தம் ஏறினால் கண்ணே விரிந்து பெரிதாகும். வைத்தியத்தில் இதற்குப் பெயரே ‘மாட்டுக் கண்’. கிறீமால் வந்ததா, பிறவியிலேயே இருந்த கிளோக்கோமாவா, வேறு ஏதாவதா என்பதைப் பார்த்துத்தான் சொல்லலாம். அந்தக் கிறீமும் ஸ்டெரொயிட்தான், இன்றோடு நிறுத்துங்கள். நாளைக் காலையே தேசிய கண் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கண்ணீர்க் குழாய் அடைப்பு, மசாஜ் செய்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழாய் அடைப்பில் கண் பெரிதாகாது.

பம்பலப்பிட்டி, ஒரு தாய்: அழுத்தம் குறைக்க டிமொலோல் துளி தந்திருக்கிறார்கள். மகனுக்கு முட்டு இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அடுத்த துளி விடுவதற்கு முன்பே அவர்களுக்கு ஃபோன் எடுங்கள். டிமொலோல் முட்டைக் கிளப்பிவிடும். டோர்ஸொலமைட் போல வேறு துளிகள் இருக்கின்றன. இன்னொன்று: பிரிமொனிடின் துளியை 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விடக் கூடாது, மயங்கி மூச்சே தடைப்படலாம்.

அளக்கும்போது நோகுமா? எங்கள் சின்னவள் கத்தித் தீர்ப்பாள்.

இப்போது பாவிக்கும் ஒரு கருவியில், மெல்லிய ஊசிபோன்ற முனையொன்று கருவிழியில் தொட்டுத் தெறித்துத் திரும்பும். மரக்க வைக்கும் துளிகூடத் தேவையில்லை, பிள்ளை கண் சிமிட்டுவதற்குள் வேலை முடிந்துவிடும். சிக்கல் கத்துவதில்தான். கண்ணை இறுக்கி அழுதால் இல்லாத அழுத்தத்தையும் கருவி காட்டும். பால் குடித்துச் சொக்குகிற நேரமாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். பால் போத்தலோடு, இதுவரை விட்ட மருந்துப் போத்தல்களும் பையில் இருக்கட்டும், வெறும் போத்தல் என்றாலும்.