கேமரா கேள்வி பதில்: கம்பியை அழித்தது தப்பா?

கேள்வி: விடியற்காலையில் வலை இழுக்கிறவர்களைப் படம் எடுத்து ஒரு போட்டிக்கு, 'மக்கள் வாழ்க்கை' பிரிவில் அனுப்பினேன். மேல் மூலையில் ஒரு மின்கம்பி குறுக்கே போனது, போட்டோஷாப்பில் அழித்துவிட்டேன். கடைசிச் சுற்றில் அசல் ஃபைலைக் கேட்டார்கள், கொடுத்தேன், படத்தை நீக்கிவிட்டார்கள். 'இருப்பதை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது' என்று விதி இருந்தது உண்மைதான், ஆனால் ஒரு கம்பிக்கா? இன்னொருவர் வானத்தையே ஆரஞ்சு ஆக்கியிருந்தார், அதை விட்டுவிட்டார்கள்.
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனாலும் நான் நடுவர்கள் பக்கம்தான். சின்னது பெரியது என்று பார்க்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்குக் கம்பி, நாளைக்குக் குறுக்கே நிற்கிற ஆள்.

செய்தி நிறுவனங்கள் இதில் எவ்வளவு கறார் என்பதற்கு நார்சிசோ கொன்ட்ரேராஸ் விவகாரத்தைப் பாருங்கள். சிரியா போரைப் படம் எடுத்தவர், 2013இல் புலிட்சர் பரிசு வாங்கிய அசோசியேட்டட் பிரஸ் குழுவில் ஒருவர். ஒரு போராளியின் படத்தில் கீழ் மூலையில் சக பத்திரிகையாளரின் வீடியோ கேமரா தெரிந்தது, பார்வையைக் கலைக்கிறது என்று அதை அழித்து, பக்கத்துத் தரையையே நகலெடுத்து அந்த இடத்தை நிரப்பிவிட்டார். போரைப் பற்றிய எந்த உண்மையும் அதனால் மாறவில்லை. ஆனாலும் 2014 ஜனவரியில் நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அவர் அனுப்பியிருந்த கிட்டத்தட்ட 500 படங்களையும் அலசி, வேறு எதிலும் திருத்தம் இல்லை என்று தெரிந்த பிறகும் அத்தனையையும் பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. கடுமையான தண்டனைதான். ஆனால் போர்க்களத்துப் படத்தைப் பார்க்கிறவர் அங்கே போய்ச் சரிபார்க்க முடியாது, எடுத்தவர் பேச்சை நம்பித்தான் ஆக வேண்டும், ஒரு படத்தில் கைவைத்தவரின் மற்ற படங்களை அப்புறம் அதே கண்ணோடு பார்க்க முடியுமா?

நம் ஊர் வெள்ளத்திலேயே இது நடந்திருக்கிறது. 2015 டிசம்பரில் பிரதமர் விமானத்திலிருந்து சென்னையைப் பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது. அசல் படத்தில் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. வெளியான படத்திலோ மூழ்கிய வீடுகளின் தெளிவான காட்சி அந்த ஜன்னலுக்குள் ஒட்டப்பட்டிருந்தது. மக்கள் கண்டுபிடித்துக் கேட்க ஆரம்பித்ததும் படம் நீக்கப்பட்டது. பார்வையிட்டது உண்மை, வெள்ளமும் உண்மை, இரண்டையும் ஒட்டிய படம் மட்டும் பொய். அந்த ஒரு பொய்யால் பேச்செல்லாம் படத்தைப் பற்றியே ஆகிப்போனது.

சரி, அந்த ஆரஞ்சு வானம். பெரும்பாலான போட்டிகள் வெளிச்சம், கான்ட்ராஸ்ட், நிறத்தை அளவோடு திருத்த அனுமதிக்கின்றன. ஃபிலிமைக் கழுவிய இருட்டறைக் காலத்திலேயே படத்தின் ஒரு பகுதியைக் கறுக்க வைப்பதும் இன்னொன்றை வெளுக்க வைப்பதும் உண்டு, கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்கிற சென்சாரில் ஒட்டிய தூசிப் புள்ளியை அழிப்பதும் யாருக்கும் ஆட்சேபணை இல்லாதது. ஆனால் சாம்பல் பூத்த காலையை ஆரஞ்சு விடியலாக்குவது அளவு தாண்டிய வேலை. என்னைக் கேட்டால் உங்கள் கம்பியைவிட அதுதான் பெரிய பொய், ஏனென்றால் படத்தில் இருப்பவர்கள் எப்படிப்பட்ட வானிலையில் நின்றார்கள் என்பதையே அது மாற்றிவிடுகிறது. நடுவர்கள் அதையும் நீக்கியிருக்க வேண்டும். அதை விட்டார்கள் என்பதற்காக உங்களுடையது சரியாகிவிடாது.

எவ்வளவு திருத்தினோம் என்பதை வைத்து நான் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர் எதை நம்பி இந்தப் படத்தைப் பார்க்கிறார் என்பதுதான் என் கேள்வி. இதே படத்தைக் காலண்டருக்குக் கொடுத்தால் கம்பியைத் தாராளமாக அழியுங்கள். போட்டிக்கு என்றால் எடுக்கும்போதே ரெண்டு அடி தள்ளி நின்றிருக்கலாம், இல்லை மேல் பகுதியை வெட்டியிருக்கலாம், அதைப் பெரும்பாலான போட்டிகள் தடுப்பதில்லை.

கேள்வி: கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. பறவைகளும் எடுக்க வேண்டும், நண்பர்கள் வீட்டுக் கல்யாணமும் எடுக்க வேண்டும். புது மிரர்லெஸ்ஸா, செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரா?
- மதுராந்தகம் வாசகர்

செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை, மிரர்லெஸ்ஸில் அது இருக்காது), மிச்சப் பணத்தில் லென்ஸ். புது பாடி வாங்கிவிட்டுக் கூட வருகிற 18-55 கிட் லென்ஸோடு நின்றுவிட்டால் பறவையும் வராது, மண்டபத்து இருட்டும் பிடிபடாது.

கல்யாணத்துக்கு ஒரு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் போதும். எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் குறையக் குறையத் திறப்பு பெரிசு. கிட் லென்ஸை 55 எம்எம்முக்கு இழுத்தால் அதன் திறப்பு எஃப்/5.6 ஆகிவிடும், அதோடு பார்த்தால் எஃப்/1.8 கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கண்ணை உறுத்துகிற ஃபிளாஷ் இல்லாமலே தாலி கட்டும் நேரத்து முகங்களை எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று பழைய 'டி' வகை 50 எம்எம்மை வாங்கினால் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

பறவைக்கு 70-300 எம்எம் ஜூம் லென்ஸ். நிக்கானின் ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சாரில் 300 எம்எம் என்பது ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சாரில் 450 எம்எம் போலத் தெரியும், கேனானில் 480. வேடந்தாங்கல் உங்களுக்குப் பக்கம்தான், ஏரிக்கரையில் நின்றபடி தண்ணீருக்குள் இருக்கிற மரங்களில் உட்காரும் நாரையை எடுக்க இது ஓரளவுக்கு வரும், படம் நிறைய முகம் தெரிகிற மாதிரி வராது. அதில் தப்பில்லை. பறவையோடு மரம், தண்ணீர், பக்கத்தில் இருக்கிற கூட்டம் எல்லாம் வரட்டும். நெருக்கமான படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டுக்குப் பக்கத்தில் போவதோ, முன்னால் நிற்கிற கிளையை ஒடிப்பதோ, கல்லெறிந்து பறக்க வைப்பதோ தயவுசெய்து வேண்டாம். தாய்ப் பறவை பயந்து எழுந்துபோனால் அந்த நேரத்தில் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கும். போட்டோஷாப்பைத் தொடாமலே செய்கிற அநியாயம் இது, எடிட்டிங் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இதைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறோம்.

பழையது வாங்கும்போது இதெல்லாம் பாருங்கள். ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டரை சுமார் ஒரு லட்சம் படங்களுக்கு என்று கணக்கு வைத்துச் செய்கிறார்கள், அதனால் எத்தனை ஓடியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். லென்ஸைத் திரும்ப மாட்டி, திறப்பை எஃப்/16க்கு வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள், புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்தால் போகும், போகவில்லையென்றால் கீறலாக இருக்கலாம்.

கேள்வி: என் கல்யாண ஆல்பம் வந்திருக்கிறது. அதில் இருப்பது நான்தான் என்று என் தோழிகளே சொல்லமாட்டார்கள், அவ்வளவு வெளுப்பாக்கி இருக்கிறார்கள். கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க மேடம்" என்கிறார் ஸ்டூடியோக்காரர். மாற்றித் தரச் சொல்லலாமா?
- வாசகி, தேனி

கட்டாயம் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம். அசல் ஃபைல்கள் அவர்களிடம் இருக்கும், திரும்பச் செய்து தருவது ஆகாத வேலை கிடையாது. புது ஆல்பம் அச்சடிக்கக் கூடுதல் செலவு கேட்டால் பேசிப் பாருங்கள், எப்படியும் அசல் ஃபைல்களை ஒரு பென் டிரைவில் வாங்கிவிடுங்கள்.

முகப்பருவை எடுப்பதும், வியர்வைப் பளபளப்பைக் குறைப்பதும் வேறு. அந்தப் பரு அடுத்த வாரம் தானாகப் போய்விடும். நிறம் அப்படியில்லை, அது நீங்கள். 1994இல் ஓ. ஜே. சிம்சன் கொலை வழக்கில் கைதானபோது டைம் இதழ் அவருடைய காவல்துறைப் படத்தை வேண்டுமென்றே கறுப்பாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை அப்படியே போட்டிருந்ததால் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, வித்தியாசம் ஊருக்கே தெரிந்தது, பெரிய கண்டனம் எழுந்தது. கறுத்தால் குற்றவாளி மாதிரித் தெரிவார் என்கிற எண்ணமும், வெளுத்தால் அழகாகத் தெரிவார் என்கிற எண்ணமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. உங்கள் ஆல்பத்தில் வேலை செய்த பையன் அப்படி நினைத்துச் செய்திருக்கமாட்டார், பழகிப்போன ஒரு ஸ்லைடரை இழுத்திருப்பார். பழகிப்போனதுதான் எனக்கு வருத்தம்.

இதில் கேமராக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. மேடையில் பின்னால் பளீரென்று எல்இடி பேனல், மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டை, நடுவில் மாநிற முகம். வெளிச்சத்தை அளக்கிற கேமராவின் மீட்டர் வெளிச்சமான பகுதிகளைப் பார்த்து மொத்தப் படத்தையும் அடக்கிவிடும், முகம் இருண்டு போகும், அதைச் சரிக்கட்டத்தான் அப்புறம் முகத்தை வெளுக்கிறார்கள். எடுக்கும்போதே முகத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற மாதிரி ஸ்பாட் மீட்டர் வைத்தோ, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டியோ எடுத்தால் கறுப்பு நிறம் அதன் மினுமினுப்போடு வரும். ஃபிலிம் காலத்தில் கோடாக் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல வருடம் வெள்ளைக்காரப் பெண்களின் படம்தான் இருந்தது, அந்தத் தோலை அளவாக வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்த்தார்கள். இன்றைய சென்சாருக்கு அந்தக் குறை இல்லை. நம் ஜனங்களின் நிறத்தை உள்ளபடி எடுக்க வேண்டிய பொறுப்பு எடுக்கிறவருடையது.

கேள்வி: அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. தங்கையின் கல்யாணக் குரூப் போட்டோவில் அவரையும் சேர்த்து நிற்க வைத்தால் அம்மா சந்தோஷப்படுவார். இதுவும் பொய்ப்படம் ஆகுமா?
- விருதுநகர் வாசகர்

ஆகாது. உங்கள் வீட்டில் யாரும் ஏமாறப் போவதில்லை, அவர் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதான் சேர்க்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். அவர் இருக்கிற பழைய படங்களில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து, குரூப் போட்டோவோடு ஒத்துப்போகிற ஒன்றைக் கொடுங்கள், இல்லையென்றால் வெட்டி ஒட்டியது தனியாகத் தெரியும். ஃபிரேமுக்குப் பின்னால் எந்த வருடம், யாரைச் சேர்த்தது என்று எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமே.

கேள்வி: என் போனில் நிலாவை எடுத்தால் பள்ளம் மேடெல்லாம் தெரிகிறது. என் நண்பனின் பெரிய கேமராவில்கூட இப்படி வரவில்லை. போனே போதும்தானே?
- சேலம் வாசகர்

தினசரிப் படங்களுக்குப் போதும். நிலா விஷயம் வேறு. 2023 மார்ச்சில் ரெடிட் தளத்தில் ஒருவர் ஒரு சோதனை செய்து காட்டினார். நிலாப் படத்தைச் சின்னதாக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் போட்டு, இருட்டறையில் தூரத்தில் நின்று சாம்சங் போனில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன. நிலா என்று அடையாளம் கண்டால் செயற்கை நுண்ணறிவு விவரங்களைக் கூட்டும் என்று அந்த நிறுவனமும் விளக்கியது. அதாவது உங்கள் படத்தின் நுணுக்கத்தில் ஒரு பங்கு வானத்திலிருந்து வரவில்லை. கேமரா அமைப்பில் காட்சியைப் பார்த்துத் தானாகத் திருத்துகிற 'சீன் ஆப்டிமைசர்' இருந்தால் அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், லென்ஸ் உண்மையில் எவ்வளவு பார்க்கிறது என்று தெரியும்.

கேள்வி: ரா ஃபைலில் எடுப்பதா, ஜேபெக்கிலா?
- பகுதிநேர நிருபர், தஞ்சாவூர்

இரண்டும். ரா என்பது சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கிற ஃபைல், ஜேபெக் கேமராவே பக்குவப்படுத்திச் சுருக்கித் தருவது. பெரும்பாலான கேமராக்களில் 'ரா + ஜேபெக்' என்று இருக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலை, 14 பிட் ராவில் 16,384, அதனால் இருண்ட முகத்தைத் தூக்கினாலும் படம் உடையாது. ஆனால் செய்தி அவசரத்துக்கு ஜேபெக்தான், 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் தன் ஃப்ரீலான்ஸ் படக்காரர்களிடம் ரா ஃபைலிலிருந்து மாற்றிய படம் வேண்டாம், கேமராவிலேயே பதிவான ஜேபெக்கை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. ராவை அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் படத்தின் மேல் யாராவது சந்தேகம் கிளப்பினால் கையில் இருக்கும் சாட்சி அதுதான். அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அமுக்கிச் சின்னதாக்கிவிடும்.

கேள்வி: கடலோரத்தில் வீடு. லென்ஸைப் பையிலேயே வைக்கலாமா?
- வாசகி, தூத்துக்குடி

வேண்டாம். பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழைக்காலம் முடிவதற்குள் ஃபங்கஸ் வந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், இவ்வளவு போதும். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் இருக்கட்டும். சிலிகா ஜெல் நிறம் மாறினால் உறையில் போட்டிருக்கிற முறைப்படி சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். அரிசி டப்பாவில் போடாதீர்கள், அதன் மாவுத் தூசி ஜூம் வளையத்துக்குள் போய்விடும். ஃபங்கஸ் வந்த லென்ஸ் ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனியாக வையுங்கள்.