டேட்டாபேஸ் சர்வருக்கு உபுண்டுவா, டெபியனா, ராக்கியா, விண்டோஸா?

போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸ் இந்த நாலு ஓஎஸ்ல எதுல வேகமா ஓடும்னு கேட்டிருக்கீங்க. வேகத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரே ஹார்டுவேர்ல டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாத்தி கிடைக்கிறதவிட ஒரு இண்டெக்ஸ (டேபிள்ல சீக்கிரம் தேட உதவுற வரிசைப்பட்ட பட்டியல்) ஒழுங்கா போட்டா கிடைக்கிறது எவ்வளவோ அதிகம். பாக்க வேண்டியது ரெண்டுதான், எத்தனை வருஷம் அப்டேட் வரும், அப்புறம் ஓஎஸ் மாத்துற அன்னைக்கு என்ன ஆகும்.

உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட நாள் ஆதரவு உள்ள வெர்ஷன்), டெபியன் ரெண்டும் சுமார் 5 வருஷம், ராக்கி 10 வருஷம். ஆனா அந்த 10 வருஷத்தையும் அப்படியே நம்பிடாதீங்க, சென்ட்ஓஎஸ் 8ங்கிற லினக்ஸ 2029 வரைக்கும் ஓடும்னு நம்பி போட்டவங்களுக்கு 2020 டிசம்பர்ல திடீர்னு சொல்லி 2021 கடைசியோட முடிச்சுட்டாங்க.

ரெண்டாவது விஷயம்தான் பல பேருக்கு தெரியாது. போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை வரிசைப்படுத்துறத டீஃபால்ட்டா லினக்ஸோட ஜிலிப்சி (glibc)ங்கிற அடிப்படை லைப்ரரிகிட்ட விட்டுடும். 2018ல ஜிலிப்சி 2.28 வந்தப்போ அந்த வரிசையே மாறிடுச்சு, "1-1", "11" இந்த ரெண்டையும் ஆங்கில லோகேல்ல (மொழி செட்டிங்ல) சார்ட் பண்ணா பழசுல 11 முதல்ல வரும், புதுசுல 1-1 முதல்ல வரும். இப்ப டெபியன் 9ல இருந்த டேட்டா ஃபோல்டர அப்படியே டெபியன் 10க்கு தூக்கிட்டு போனா இண்டெக்ஸ் பழைய வரிசையில இருக்கும், தேடுறது புது வரிசையில நடக்கும், இருக்கிற ரோவே இல்லைன்னு சொல்லும், யூனிக் காலம்ல டூப்ளிகேட் நுழையும், இதுல கொடுமை என்னன்னா எந்த எர்ரரும் வராது. பழைய ஓஎஸ் பிரைமரி (முக்கிய சர்வர்), புது ஓஎஸ் ஸ்டாண்ட்பைனு (அதோட நகல் சர்வர்) ரெப்ளிகேஷன் போட்டாலும் இதே கதைதான். ஆல்பைன்ங்கிற சின்ன லினக்ஸோட டாக்கர் இமேஜுக்கும் டெபியன் இமேஜுக்கும் நடுவுல ஒரே வால்யூம (டேட்டா இருக்கிற இடம்) மாத்தி மாத்தி மாட்டுறவங்களும் ஜாக்கிரதை, ஆல்பைன்ல இருக்கிறது ஜிலிப்சியே இல்ல, மஸ்ல் (musl)ங்கிற வேற லைப்ரரி. டம்ப் எடுத்து ரீஸ்டோர் பண்ணுங்க, இல்ல மாத்தின கையோட டெக்ஸ்ட் காலம்ல இருக்கிற இண்டெக்ஸ் எல்லாத்தையும் ரீஇண்டெக்ஸ் போட்டு புதுசா கட்டுங்க. புதுசா ஆரம்பிக்கிறதால உங்களுக்கு இன்னும் ஈசி, சி கொலேஷன்ல (மொழி விதி பாக்காம பைட் மதிப்ப வச்சு வரிசைப்படுத்துறது) டேட்டாபேஸ உருவாக்கிட்டா இந்த தலைவலியே வராது (அகர வரிசை வேணுங்கிற குவெரில மட்டும் ஐசியு (ICU)ங்கிற தனி லைப்ரரியோட கொலேஷன் குடுத்துக்கலாம்).

விண்டோஸ்ல போஸ்ட்கிரெஸ் ஓடும், ஆனா ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி பிராசஸ் தொடங்குற டிசைன், விண்டோஸ்ல அது கொஞ்சம் கனம். டீம்ல எல்லாரும் விண்டோஸ் ஆளுங்கன்னா மட்டும் யோசிங்க.

நானா இருந்தா உங்க டீமுக்கு பழக்கமான லினக்ஸ் எதுவோ அத போடுவேன், பழக்கம் இல்லைன்னா டெபியன். எந்த லினக்ஸ போட்டாலும் இருக்கிற மெமரிக்கு மேல வாக்கு குடுக்கலாமான்னு முடிவு பண்ற ஓவர்கமிட் மெமரி (vm.overcommit_memory) செட்டிங்க 2க்கு மாத்திடுங்க. மெமரி தீர்ந்து, லினக்ஸோட ஓஓஎம் கில்லர் (மெமரிக்காக பிராசஸ கொல்லுற வசதி) ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் பிராசஸ கொன்னாலும் மொத்த கனெக்‌ஷனும் அறுந்து ரெகவரிக்கு போயிடும்.