மியூனிக்கின் கோதுமை பியரில் வாழைப்பழ வாசம் எப்படி வருகிறது?

மியூனிக்கில் கோதுமை பியரை எங்கே ருசிக்கலாம், அதில் வாழைப்பழம் சேர்க்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்ப்பதில்லை. பழமும் கிடையாது, எசன்ஸும் கிடையாது. எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை. இந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற சேர்மம் உண்டாகிறது. பழுத்த வாழைப்பழத்தில் மணப்பதும் அதுதான். கூடவே கிராம்பு வாசமும் எழும். மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியம்) உள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் மாற்றுவதால் வருவது அது. கசப்பு குறைவு, நுரை அதிகம். வடிகட்டாத பியர் கலங்கலாகத்தான் இருக்கும்; கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இடம் என்றால் என் தேர்வு, மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு அருகே தால் தெருவில் இருக்கும் ஷ்னைடர் பிராய்ஹவுஸ். 1872-இல் சொந்தமாகக் கோதுமை பியர் ஆலையைத் தொடங்கிய குடும்பத்தின் பெயர் அது. காலையிலேயே போய் வைஸ்வூர்ஸ்ட் என்னும் வெள்ளைத் தொத்திறைச்சியைக் கேளுங்கள். நண்பகல் மணி அடிப்பதற்குள் அதைச் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தவரின் பழைய வழக்கம். தோலை உரித்து, இனிப்புக் கடுகு விழுதைத் தொட்டுக்கொள்ளுங்கள். பியரைப் புட்டியில் வாங்கினால் கடைசி மிச்சத்தை நன்றாகச் சுழற்றி ஊற்றுங்கள். அடியில் தங்கிய ஈஸ்ட்டில்தான் பாதி ருசி.