சித்தியின் இடது கை

அன்புள்ள ஐயா,

பெயரில்லாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் சித்திக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஆறு ஆண்டுகளாக இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் நடக்கிறது, வாரத்துக்கு மூன்று நாள். சித்தப்பா இல்லை. வீட்டிலேயே தையல் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். போன மாதம் அவர் மகனுக்குத் தேர்வு இருந்ததால் துணைக்கு நான் போனேன். அதுதான் முதல் முறை. ஊசி குத்தும்போது சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு துடித்துப்போனார். திரும்பும்போது பேருந்துக் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வீட்டில் ஒரு மணி நேரம் படுத்தவர் எழுந்து தையல் மெஷினில் உட்கார்ந்தார். மறுநாள் தருவதாகச் சொன்ன துணியாம். "எப்படிச் சித்தி முடியுது?" என்றேன். "வேற வழி? போய்த்தானே ஆகணும்" என்றார்.

பள்ளியில் 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று படித்தேன். சித்தி சிரிப்பதில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார். ஊசிப் பயம் இன்றுவரை போகவில்லை. இதைத் தைரியம் என்று சொல்லலாமா, வேறு வழியில்லாததை நான்தான் பெரிதாக்குகிறேனா? இன்னொன்று, காலையில் எழுந்ததும் கண்ணை மூடி இடது மணிக்கட்டைத் தொட்டபடி கொஞ்ச நேரம் இருக்கிறார். ஏதாவது வேண்டுதலா? கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன்.

முதலில் அந்த 'வேற வழி?'. வழி இருக்கிறது, நண்பரே. டயாலிசிஸ் போகாமல் இருப்பது ஒரு வழி. "மூன்று மணி நேரம் போதும், கழற்றிவிடுங்கள்" என்று நர்ஸிடம் சொல்வது இன்னொரு வழி. சொல்பவர்கள் உண்டு. போதும் என்று முழுக்க நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த உடம்பில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்த வழிகள் ஒவ்வொரு முறையும் உங்கள் சித்தியின் முன்னாலும் திறந்தேதான் கிடக்கின்றன. வாரத்துக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 156 முறை. முறைக்கு இரண்டு ஊசி. ரத்தப் பரிசோதனைக்குக் குத்தும் ஊசியைவிட நன்றாகத் தடித்தவை. ஆறு ஆண்டில் 1,800ஐத் தாண்டிவிட்டன. பயம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் போயிருந்தால் அது பழக்கம். பயந்துகொண்டே 1,800 ஊசிக்குக் கையை நீட்டியிருக்கிறார்.

குறளைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த 'நகுக' எனக்கும் பல காலம் உறுத்தியது. நோயாளியின் வீட்டில் அதைச் சொல்லக் கூச்சப்படுவேன். ஆனால் அதே அதிகாரத்தில், மூன்று குறள் தள்ளி, 'மடுத்தவா யெல்லாம் பகடன்னான்' என்று ஒருவன் வருகிறான். வண்டி சிக்கிக்கொள்ளும் இடத்திலெல்லாம் தம் பிடித்து இழுக்கும் எருதைப் போன்றவன். அவனிடம் வந்த துன்பமே துன்பப்பட்டுப்போகும் என்கிறார் வள்ளுவர். பள்ளத்தில் இறங்கிய பாரவண்டியை இழுக்கும் மாட்டைப் பார்த்தால் தெரியும், மூச்சு இரைக்கும், வாயில் நுரை தள்ளும். சிரிப்புக்கு அங்கே இடமே இல்லை. உங்கள் சித்தி அந்தக் குறளில் இருக்கிறார். எரிந்து விழுவதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் நீரை உடம்பிலிருந்து உறிஞ்சி எடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கும், தசை பிடிக்கும், நாள் முழுக்க ஆளை அடித்துப்போட்டதுபோல் இருக்கும். இடைப்பட்ட நாட்களில் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தாகத்தோடு இருப்பவரின் குரலை வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இது நான் செய்த தவறு. என் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஏழு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவார். இடது கையால் துணியைப் பிடித்து, நடுங்கும் வலது கட்டைவிரலால் பொத்தானைத் துளைக்குள் தள்ளுவார். வழுக்கிவிடும். மறுபடி தள்ளுவார். ஐந்து பொத்தான். யாரையும் தொடவிட மாட்டார். பார்க்க வருகிறவர்களெல்லாம் "உங்க மனத்தைரியம் யாருக்கு வரும்!" என்பார்கள். நானும் சொன்னேன், ஒருமுறை அல்ல. ஓர் இரவு கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்: "எல்லாரும் தைரியசாலி தைரியசாலின்னு சொல்லிச் சொல்லி, பயமா இருக்குன்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லாம போச்சுடா." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றுதான் அவர் முதல்முறையாக நெடுநேரம் பேசினார்.

அதனால் சித்தியிடம் போய் "நீங்கள் எவ்வளவு தைரியசாலி" என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் மனதில் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் துணைக்குப் போங்கள். கால் பிடித்துக்கொண்டால் நர்ஸைக் கூப்பிட ஓர் ஆள். பேருந்தில் சாய்ந்துகொள்ளக் கம்பிக்குப் பதில் ஒரு தோள். ஆறு ஆண்டு பார்க்காமல் விட்டதற்கு உங்களை நீங்களே நொந்துகொண்டு சித்தியையும் உங்களுக்கு ஆறுதல் சொல்லவைத்துவிடாதீர்கள்.

கடைசியாக அந்த மணிக்கட்டு. அது வேண்டுதல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவை சிகிச்சை செய்து இணைப்பார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். 1966இல் பிரெசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் வெளியிட்ட முறை. தமனியின் ரத்தம் வேகமாகப் பாய்ந்து சிரை தடிக்கும், அதில்தான் ஊசி ஏறும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. விரல் வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும், காதை வைத்தால் வண்டு முரல்வதுபோல் கேட்கும். அதிர்வு நின்றுபோனால் அடைப்பு என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

உங்கள் சித்தி ஒவ்வொரு காலையும் அது ஓடுகிறதா என்று பார்க்கிறார். பார்த்துவிட்டு எழுந்திருக்கிறார். கூச்சப்படாமல் ஒருநாள் கேளுங்கள். உங்கள் விரலைப் பிடித்து அங்கே வைத்துக் காட்டுவார்.

அன்புடன்.